திண்ணைக்கும் உள்ளறைக்கும் இடையே 17 டெசிபல்

போன ஐப்பசியில் கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பண்ணைக்காட்டில் நான்கு நாள் விடாத மழை. எங்கள் வீட்டின் பின்கட்டுக்குத் தகரக் கூரை. மழை வலுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாட்டு கேட்டாக வேண்டும். முன்பு ரேடியோ, இப்போது மெமரி கார்டு சொருகிய கையடக்க ஸ்பீக்கர். கார்டில் இருக்கும் 600 பாட்டையும் வத்தலக்குண்டில் ஒரு செல்போன் கடையில் ஏற்றி வாங்கியிருந்தார். கருப்பு வெள்ளைப் படப் பாட்டும் போன வருடப் பாட்டும் அதில் எந்த வரிசையும் இல்லாமல் கலந்து கிடக்கும். அன்றைக்கு ஒரு பழைய பாட்டு மழைக்குள் அமுங்கிப் போகிறதே என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். அது முடிந்து புதுப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. முதல் அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்த அம்மா அலறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா பதறிப் போய்ப் பொத்தானைத் தேடி அமுக்கினார். அடுத்த பாட்டு வந்தபோது மறுபடி ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ரேடியோவுல இந்தத் தொந்தரவே இருந்ததில்லையே. அங்க மட்டும் எல்லாப் பாட்டும் எப்படி ஒரே சத்தத்துல வந்துச்சு?"

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறேன். அளப்பது பற்றிய கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்பா நினைத்ததில் தப்பில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் போய், கடைசியில் வேறொரு இடத்தில் நின்றேன். இதை எழுத உட்கார்ந்தது அந்த இடத்தைச் சொல்லத்தான்.

ரேடியோவின் கதை சுலபம். எங்கள் வீட்டில் ரேடியோ என்றால் 100.5, கோடை பண்பலை. 2000 மீட்டருக்கு மேல் மலையுச்சியில் நிற்கும் கோபுரம் என்பதால் கீழே தேனி, திண்டுக்கல், மதுரை வரை அந்த ஒலி இறங்கிப் போகும். பண்பலையில் சத்தம் என்பது அலையின் அதிர்வெண் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதுதான். அந்த விலகல் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கத்து அலைவரிசைக்குள் கசியும். அதனால் எந்த நிலையத்திலும் ஒலிபரப்பிக்கு முன்னால் சத்தத்தை அமுக்கிப் பிடிக்கும் ஒரு கருவி இருக்கும். அதற்கும் முன்னால் மேசையில் ஒருவர் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தபடி ஒவ்வொரு பாட்டுக்கும் அளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். அப்பா இத்தனை வருடம் ரேடியோ கேட்டபோது அவருக்காக இன்னொருவருடைய கை அந்தப் பொத்தானில் இருந்தது. மெமரி கார்டில் அந்தக் கை இல்லை.

வேட்டுச் சத்தம் சொன்ன பொய்

சரி, அந்தக் கையைக் கணினியிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். கார்டில் இருந்த பாட்டுகளோடு அப்பாவின் பழைய கேசட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். மொத்தம் 22. பெரும்பாலானவை 2003 வாக்கில் டூ-இன்-ஒன்னில் ரேடியோவிலிருந்து பிடித்தவை. ஒன்று ஊர்த் திருவிழாவில் பதிந்தது. இன்னொன்றைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. 1982-இல் சிடி வந்தபோது வைத்த கணக்குப்படி, நொடிக்கு 44,100 முறை ஒலி அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 16 பிட். மேலே அதிகபட்சம் 32,767. அதற்கு மேல் எழுத இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடித்து, அது கூரையைத் தொடும் வரை எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று நினைத்தேன். உச்சத்தைச் சமப்படுத்துவது என்பார்கள். திருவிழாக் கேசட்டில் அது உடனே பல்லிளித்தது. சாமி ஊர்வலத்துக்கு நடுவே ஒரே ஒரு வேட்டு. அந்த ஒரு கணம் ஏற்கெனவே கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. அதனால் பெருக்குவதற்கு இடமே இல்லை. பேச்சும் மேளமும் முன்பிருந்த அதே முனகலாகவே கிடந்தன. புதுப் பாட்டுகளில் நேர்மாறு. அவற்றின் உச்சமும் கூரையில்தான் இருந்தது, ஆனால் பாட்டு முழுக்கக் கூரையை ஒட்டியே ஓடியது. உச்சம் ஒன்று, காது கேட்பது வேறொன்று.

பள்ளிப் புத்தகத்தில் 'உரப்பு' என்று ஒரு சொல் படித்திருப்போம். அலையின் வீச்சு வெளியே இருப்பது. உரப்பு கேட்பவரின் காதில் உண்டாவது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் ஆட்களை உட்காரவைத்து வெவ்வேறு சுருதிகளைக் கேட்கச் செய்து, எது எதற்குச் சமமான சத்தமாகப் படுகிறது என்று வரைபடம் போட்டார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கேட்கிற அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமென்றால் அதைப் பல மடங்கு ஏற்ற வேண்டும். 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் காது கூர்மை. குழந்தை அழுதால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தும் கேட்பது போலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காதை ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவர ரொம்ப நாள் ஆனது. 2001-இல் டேவிட் ராபின்சன் என்பவர் 'ரீப்ளே கெயின்' என்று ஒரு முறையை முன்வைத்தார். பாட்டை 50 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, காதின் போக்குக்கு ஏற்ப வடிகட்டி, ஒவ்வொரு துண்டின் சக்தியையும் அளந்து, சத்தமான துண்டுகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பார். 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளப்பதற்கு பிஎஸ் 1770 என்ற தரத்தை வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர் 128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்து, ஒலிபரப்பாகும் எந்த நிகழ்ச்சியும் −23 எல்யூஎஃப்எஸ் அளவில் நிற்க வேண்டும் என்றது. எல்யூஎஃப்எஸ் என்பது அந்த டிஜிட்டல் கூரையிலிருந்து கீழே அளக்கும் உரப்பு. ஒரு அலகு ஒரு டெசிபல். விளம்பரம் வந்தவுடன் டிவி கத்துகிறது என்ற புகார் உலகம் முழுக்க இருந்தது. அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலும் விளம்பரத்தின் படமும் ஒலியும் மிகையாகச் சத்தமாக இருக்கக் கூடாது என்று 1994 முதலே ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு இருந்தால் மிகை என்பதற்கு அந்த வரியில் எண் இல்லை.

இந்தத் தரம் அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முதலில் ஒரு வடிகட்டி: தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை 4 டெசிபல் அளவுக்கு உயர்த்தும். அப்புறம் 400 மில்லி நொடி நீளமுள்ள கட்டங்கள், ஒன்றின் முக்கால் பங்கு அடுத்ததின் மேல் படிந்திருக்கும். ஒவ்வொன்றின் சராசரி சக்தியையும் எடுக்க வேண்டும். அப்புறம் வருகிறது வாசல். −70-க்குக் கீழே உள்ள கட்டங்கள் மௌனம் என்று தள்ளப்படும். மிச்சத்தின் சராசரியை எடுத்து, அதற்கு 10 அலகு கீழே இன்னொரு வாசல் வைத்து, அதற்கும் கீழே இருப்பவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி சராசரி. ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார் என்பதற்காக அவர் மெதுவாகப் பேசுகிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது அல்லவா, அதற்குத்தான் இந்த வாசல்கள். கணித வகுப்பில் சராசரியின் குறைகளைச் சொல்லும்போது இனிமேல் இதைத்தான் உதாரணம் காட்டப் போகிறேன்.

அளந்து பார்த்தேன். அன்று மழையில் அமுங்கிய பழைய பாட்டு −19. அம்மாவை எழுப்பிய பாட்டு −8. வித்தியாசம் 11 டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் என்பார்கள். அம்மா அலறியது நியாயம்.

புதுப் பாட்டுகள் ஏன் இப்படி வந்தன என்பதை இசை கேட்பவர்கள் பலரும் அறிவார்கள். இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் சத்தமாக இருப்பது முதல் கேட்பில் நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும். அதனால் உச்சங்களை அமுக்கி, மிச்சத்தைக் கூரைக்குத் தள்ளித் தள்ளி, ஒருவரை ஒருவர் முந்தினார்கள். இப்போது இணையத்தில் பாட்டு கேட்கவைக்கும் ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் அளந்து −14-க்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகின்றன. கத்தியவர்களுக்கு அங்கே லாபம் இல்லை. சத்தம் குறைக்கப்படும், அமுக்கியதில் போன உயிர் மட்டும் திரும்பி வராது. எனக்கு இதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வருவது மேகத்தைப் பொறுத்தது. அப்பாவுக்கு மெமரி கார்டுதான்.

ரீப்ளே கெயினில் நான் மதிக்கும் விஷயம், அது பாட்டைத் தொடாது. 'இதை 6 டெசிபல் குறைத்து ஒலி' என்று கோப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்கும், அவ்வளவுதான். ஒலிப்பான் அதைப் படித்து நடந்துகொள்ள வேண்டும். அப்பாவின் ஸ்பீக்கர் அந்தக் குறிப்பைப் படிக்காது. அதற்கும் வழி இருந்தது. எம்பி3 கோப்பில் ஒலி சிறு சிறு சட்டகங்களாக இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 26 மில்லி நொடி. ஒவ்வொரு சட்டகத்திலும் மொத்தச் சத்தத்தைச் சொல்லும் ஓர் எண் உண்டு. எம்பி3 கெயின் என்ற இலவச மென்பொருள் அந்த எண்ணை மட்டும் மாற்றும். ஒரு படி மாற்றினால் 1.5 டெசிபல். ஒலியை அவிழ்த்து மறுபடி கட்டுவதில்லை, ஆகவே தரம் கெடாது. வேண்டாம் என்றால் பழைய எண்ணுக்கே திருப்பிவிடலாம். 600 பாட்டும் ஒரு மாலை நேரத்தில் முடிந்தன. அப்பா அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் பொத்தானைத் தொடாமல் கேட்டார். அம்மா அசையவில்லை.

அப்பத்தாவின் கேசட்

அந்தச் சந்தோஷத்தில்தான் கடைசிக் கேசட்டை எடுத்தேன். 1994-இல் அப்பா பதிந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதிய ஒருவரிடம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர். முள் காட்டும் மீட்டரும், பதிவின் அளவைக் கையால் திருகி வைக்கும் பொத்தானும் கொண்டது. அப்பா அதைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டிருக்கிறார். அப்பத்தா களத்தில் காப்பிக்கொட்டை காயவைப்பவர்களைக் கூப்பிடுகிறார். கோழியை விரட்டுகிறார். யாரிடமோ மிளகு விலைக்காகச் சண்டை போடுகிறார். அப்புறம் நீண்ட அமைதி, சில்வர் ஓக் மரங்களில் காற்று. பொழுது சாய்ந்ததும் தொட்டிலில் கிடந்த தம்பிக்குத் தாலாட்டு.

நான் அதைக் கணினியில் ஏற்றி ஏழு துண்டுகளாக வெட்டினேன், தேடி எடுக்க வசதியாக இருக்கும் என்று. பாட்டுகளுக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன்: ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, −18-க்கு, கொண்டுவந்தேன். தாலாட்டு −38-இல் கிடந்தது. 20 டெசிபல் ஏற்ற வேண்டியிருந்தது. அதாவது வீச்சு பத்து மடங்கு. டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலும் கூடவே பத்து மடங்கு ஏறியது. ஆனாலும் அப்பத்தாவின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன்.

களத்துக்குக் குரல் கொடுத்தபோது அப்பா சிரித்தார். மிளகுச் சண்டையில் பெயர் சொல்லி ஆளை அடையாளம் காட்டினார். தாலாட்டு ஆரம்பித்ததும் முகம் மாறியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "குரல் ஆத்தா குரல்தான். ஆனா ஆத்தா இப்படிப் பாடல" என்றார். எனக்குப் புரியவில்லை. "காதுக்குள்ள வந்து பாடுற மாதிரி இருக்கு. அவங்க உள்ளறையில இருந்தாங்க. மெஷினைத் தூக்கிட்டு உள்ள போகலாமான்னு எனக்கும் அன்னிக்குத் தோணுச்சு. போனா பிள்ளை முழிச்சிக்கும். அதான் திண்ணையிலேயே உக்காந்து கேட்டேன். பாதிதான் கேட்டுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்தா சத்தமா கூப்பிட்டதும் இதுவும் ஒரே மாதிரி கேக்குதே, எப்படிம்மா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். நான்தான் அப்படிச் செய்தேன். திண்ணைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த சுவரை நான் இடித்துவிட்டேன். அப்பத்தா களத்தில் குரலை உயர்த்தியதும் தொட்டிலருகே தணித்ததும் இரண்டு பாட்டுகள் இல்லை. ஒரே நாள், ஒரே ஆள். அந்தத் தணிவில் பொழுது சாய்ந்தது இருக்கிறது, பிள்ளை கண் அயர்ந்தது இருக்கிறது, அப்பா உள்ளே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததும் இருக்கிறது. மெதுவாக என்பது அங்கே குறை இல்லை. அதை நான் குறை என்று எடுத்துக்கொண்டு நிரப்பினேன்.

இதற்கு வழி 2001-இலேயே சொல்லப்பட்டிருந்தது. ரீப்ளே கெயின் இரண்டு எண்களை எழுதும்: ஒன்று அந்தப் பாட்டுக்கு மட்டும், இன்னொன்று அந்தத் தொகுப்பு முழுவதற்கும் சேர்த்து. ஒரு தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது இரண்டாவது எண்ணைப் பயன்படுத்தினால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். அவற்றுக்குள் இருக்கும் மேடுபள்ளம் அப்படியே இருக்கும். ஸ்பாட்டிஃபையும் ஒரு ஆல்பத்தை முழுதாக ஒலிக்கும்போது இப்படித்தான் செய்கிறது. நான் இதைப் படித்துவிட்டு, எனக்குத் தேவையில்லாதது என்று கடந்து போயிருந்தேன். எது எதோடு ஒரே தொகுப்பு என்பதை எந்தச் சூத்திரமும் கண்டுபிடித்துச் சொல்லாது. 400 மில்லி நொடிக் கட்டத்துக்கு, இது எதிர்பாராமல் வந்து மோதிய வேறு படத்துப் பாட்டா, இல்லை அதே வீட்டின் அடுத்த அறையா என்று தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

வெட்டாத பதிவை முழுதாக மறுபடி அளந்தேன். −21 என்று வந்தது. அதற்கும் தாலாட்டுக்கும் 17 டெசிபல் தூரம். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டாவது வாசல் சராசரிக்கு 10 அலகு கீழே நிற்கிறது. தாலாட்டு அதற்கும் வெகு கீழே. அதாவது அந்த −21 என்ற எண்ணுக்குள் தாலாட்டு இல்லவே இல்லை. களத்துக் குரலும் மிளகுச் சண்டையும்தான் அந்த எண்ணைத் தீர்மானித்தன. முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. தாலாட்டைக் கணக்கில் சேர்த்தால் சராசரி இறங்கும், அதை ஈடுகட்டக் களத்துக் குரலைக் கூரைக்கு ஏற்ற வேண்டி வரும். தாலாட்டு தாலாட்டாகக் கேட்க வேண்டுமென்றால் அளவுகோல் அதை விட்டுவிட்டு மற்றதை அளக்கட்டும்.

அப்பாவிடம் அந்த மீட்டர் பற்றிக் கேட்டேன். "முள்ளு சிவப்புக்குப் போகக் கூடாதுன்னு அவரு சொன்னாரு. ஆத்தா நல்லா கத்துற நேரமாப் பார்த்து ஒரு தடவை திருகி வச்சேன். அப்புறம் தொடல" என்றார். நான் ஏழு துண்டாக வெட்டி, அளந்து, தப்பாகச் செய்து, படித்துத் திருத்தியதை அவர் 1994-இல் ஒரே திருகலில் செய்து வைத்திருந்தார். டூ-இன்-ஒன்னில் பதிந்திருந்தால் இந்த வித்தியாசமும் மிஞ்சியிருக்காது. அந்த வகைக் கருவிகளில் பதிவின் அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் சுற்று இருக்கும். அமைதியானால் அது தானே காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். ரேடியோப் பாட்டு பிடிக்க அது நல்லது. அப்பத்தாவைப் பிடிக்க இரவல் கருவி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது கார்டில் இரண்டு கோப்புறை வைத்திருக்கிறேன். ஒன்றில் 600 பாட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சமன் செய்தது. இன்னொன்றில் அப்பத்தாவின் ஒரு பக்கம், வெட்டாமல், மொத்தத்துக்கும் சேர்த்து 3 டெசிபல் ஏற்றியது. அதாவது எம்பி3 கெயினில் இரண்டே படி. கணினியில் முதலில் ஏற்றிய மூலப் பதிவைத் தனியாக மதுரையிலும் ஊரிலும் ஒவ்வொரு பிரதி வைத்தாயிற்று.

கார்த்திகையில் மறுபடி போயிருந்தேன். அன்றைக்கும் மழை. அப்பா இரண்டாவது கோப்புறையைப் போட்டார். களத்துக் குரல் தகரத்துக்கு மேல் நன்றாகக் கேட்டது. மிளகுச் சண்டை கேட்டது. தாலாட்டு வர வேண்டிய இடத்தில் மழை மட்டும்தான் இருந்தது. நான் பொத்தானுக்குக் கை நீட்டினேன். அப்பா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா, மழை விடட்டும்" என்றார்.